இருபது டாலர் நோட்டும் நான்கு கோடி டாலர் பங்கும்

அன்புள்ள ஐயா,
அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் போலிக் கணக்கு மோசடி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் ஒரு தனியார் வங்கியில் கிளை மேலாளராக இருந்தவன். தலைவர் ஜான் ஸ்டம்ப்பிடமிருந்துதான் கோடிக்கணக்கில் பிடுங்கிவிட்டார்களே, இதற்கு மேல் என்ன வேண்டும்? கீழே யாரோ செய்த தப்புக்கு அவர் எவ்வளவுதான் பொறுப்பேற்பார்?
எம்., கோவை

அன்புள்ள எம்.,

பிடுங்கினார்கள், சரி. எப்போது என்று பாருங்கள். 2016 செப்டம்பர் 8 அன்று வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முன்பே, ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்களின் வேலை போயிருந்தது. செப்டம்பர் 20 அன்று ஸ்டம்ப் அமெரிக்க செனட் குழு முன் வந்தபோது, வாங்கிய பணத்தில் ஒரு காசாவது திருப்பிக் கொடுத்தீர்களா என்று செனட் உறுப்பினர் எலிசபெத் வாரன் அவரைக் கேட்டார். ஸ்டம்ப்பிடம் நேரான பதில் இல்லை. கல்லாவிலிருந்து ஒரு கைப்பிடி இருபது டாலர் நோட்டை எடுத்த காசாளர் மேல் வழக்கே பாய்ந்திருக்கும் என்றார் வாரன். ஒரு வாரம் கழித்துத்தான் வங்கியின் இயக்குநர் குழு ஸ்டம்ப்பின் 4.1 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை ரத்து செய்தது. அதுவும் இன்னும் அவர் கைக்கு வந்து சேராத பங்குகள். கைக்கு வந்ததில் 2.8 கோடி டாலரை மீட்க 2017 ஏப்ரல் ஆகிவிட்டது.

'கீழே யாரோ' என்கிறீர்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு என்பது மேலிருந்து வந்த இலக்கு. ஏன் எட்டு? 'எய்ட்' என்பது 'கிரேட்' என்பதோடு ஒலி இயைகிறது என்று ஸ்டம்ப்பே ஆண்டறிக்கையில் எழுதினார். அந்த எட்டை எட்டுவதற்காக, ஊழியர் ஒருவர் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர் பணத்தை நகர்த்தி இன்னொரு கணக்கு திறக்கிறார். இணைய வங்கிச் சேவையில் சேர்க்க, அவருடையதே அல்லாத மின்னஞ்சல் முகவரியைப் போடுகிறார். பழைய கணக்கில் இருப்பு குறைந்து, பாவம், அந்த மனிதர் தலையில் கட்டணம் விழுகிறது. மாதக் கடைசியில் மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்தால் கிளை எப்படிப் பதறும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஊக்கத்தொகையை உடனே கொடுக்காமல் நிறுத்திவைப்பதுதான் வழி என்று நினைக்கிறேன். நம் ரிசர்வ் வங்கியும் 2019 நவம்பரில், தனியார் வங்கித் தலைவர்களின் ஊக்கத்தொகையில் குறைந்தது 60 சதவீதத்தை மூன்று ஆண்டுகளாவது தள்ளிக் கொடுக்கச் சொன்னது. நல்ல தொடக்கம், ஆனால் மூன்று ஆண்டு போதாது. ஸ்டம்ப்புக்கு 1.75 கோடி டாலர் அபராதமும் வங்கித் தொழிலில் வாழ்நாள் தடையும் வந்தது 2020 ஜனவரியில். அப்போது அவர் பதவி விலகியே மூன்று வருடம் தாண்டியிருந்தது.