போலோ ஜிடி டிஎஸ்ஐ வருங்கால கிளாசிக் ஆகுமா?

கேள்வி: 2014-இல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ என்னிடம் உள்ளது. வருங்காலத்தில் இது கிளாசிக் கார் ஆகிவிடும், விற்க வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முதலீடாகக் கருதி வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முதலீடாகக் கருதி வைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டும்போது இன்றும் மகிழ்ச்சி தருகிறது என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. 1976-இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐ 5,000 கார்கள் என்ற திட்டத்துடன் தொடங்கி, நான்கரை லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அப்படியிருந்தும் ஐரோப்பாவில் இன்று அது போற்றப்படும் கிளாசிக். இளமையில் அதன்மேல் ஆசைப்பட்ட ஒரு தலைமுறை கையில் பணம் வந்தபின் அதைத் தேடியது. அதற்குள் மாற்றம் செய்யப்படாத நல்ல கார்கள் அருகிவிட்டன. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) ஆகியவற்றைச் சிறிய காரில் 2013-இலேயே தந்த உங்கள் போலோவுக்கும் நம் நாட்டில் அத்தகைய ரசிகர்கள் இருக்கிறார்கள். 2022-இல் இங்கே போலோவின் தயாரிப்பே நின்றுவிட்டதால் அந்த ஏக்கம் கூடியிருக்கிறது. ஆனாலும் சேகரிப்பாளர்கள் முதலில் தேடப்போவது, 2016-இல் 99 கார்கள் மட்டும் இறக்குமதியான மூன்று கதவு போலோ ஜிடிஐயைத்தான் என்பது என் கணிப்பு.

இதைவிடப் பெரிய தடை நம் சட்டத்தில் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வாகனமே விண்டேஜ் பதிவு பெறும். உங்கள் கார் அந்தத் தகுதியை அடைவது 2064-இல். ஆனால் பதிவுச் சான்றின் (ஆர்சி) 15 ஆண்டுகள் 2029-லேயே முடிகின்றன. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை, புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி என இடைப்பட்ட 35 ஆண்டுகளையும் அது சாதாரணப் பழைய காராகவே கடக்க வேண்டும். விலை ஏறினாலும், இந்தச் செலவுகளை அது ஈடுகட்டும் என்று நான் நம்பவில்லை.

வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், முதல் கவனம் கியர்பாக்ஸுக்கு. இதிலுள்ள உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) டிஎஸ்ஜியில், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பாகமே பலவீனமான இடம் என்பது பரவலாக அறியப்பட்டது. பழுதானால் செலவும் பெரிது. நெரிசலில் ஊர்ந்து செல்வதைக் கூடியவரை தவிர்த்து, கிளட்ச் தேய்மானத்தை டயக்னாஸ்டிக் கருவியால் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். இது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு முந்தைய காலத்து வடிவமைப்பு என்பதால், எரிபொருள் குழாய்களையும் ரப்பர் சீல்களையும் சர்வீஸின்போது தவறாமல் சோதிக்க வேண்டும். இசியு ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றுவது), சைலன்சர் மாற்றம் எதுவும் வேண்டாம். சர்வீஸ் பில்கள், இரண்டாவது சாவி, நிறுவனம் தந்த அலாய் சக்கரங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

சோதனையில் கியர்பாக்ஸ் நிலை மோசம் என்று தெரிந்து, அந்தச் செலவுக்கு மனம் ஒப்பவில்லையென்றால், 2029 வரை காத்திருக்காதீர்கள். ஆர்சி காலம் குறையக் குறைய, வாங்குபவர் கேட்கும் விலைக்குறைப்பும் கூடும்.