முதலில் "பரவவில்லை" என்றார்கள், இப்போது "சில செல்கள் இருக்கின்றன" என்கிறார்கள்

கேள்வி: எனக்கு வயது 51. இடது மார்பில் 1.6 செ.மீ. கட்டி. மார்பை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளிலிருந்து எடுத்த இரண்டு சென்டினல் நிணநீர் முடிச்சுகளிலும் (மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சுகள்) புற்றுநோய் இல்லை என்று முதல் ரிப்போர்ட் வந்தது. அடுத்து வந்த ரிப்போர்ட்டில், ஒரு முடிச்சில் 0.1 மி.மீ. அளவுக்குப் புற்றுச் செல்கள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். கட்டி ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 என்ற வளர்ச்சிப் புரதம் மிகையாக இல்லை). முதலில் என்னிடம் மறைத்தார்களா? மறுபடி ஆபரேஷன் வேண்டுமா? நான் எத்தனை நாள் இருப்பேன்?

பதில்: அன்புச் சகோதரி, உங்களிடம் யாரும் எதையும் மறைத்ததாகத் தெரியவில்லை. நிணநீர் முடிச்சைத் துண்டு போட்டு, மெழுகில் பதித்து, அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி எடுத்துத்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அந்தச் சீவலில் சிக்காத செல் கண்ணில் படாது. இன்னும் ஆழமாகச் சீவி, புற்றுச் செல்லில் இருக்கும் கெராட்டின் புரதத்தை மட்டும் பிடிக்கும் சிறப்புச் சாயம் ஏற்றினால், ஒதுங்கிக் கிடக்கும் ஒன்றிரண்டு செல்கள்கூடத் தெரிந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

அடுத்து, அளவு. 0.2 மி.மீ.க்கு மேற்படாத கூட்டத்தைத் 'தனித்த புற்றுச் செல்கள்' என்பார்கள். 0.2-க்கு மேல் 2 மி.மீ. வரை இருந்தால் நுண்பரவல். அதற்கும் மேலே போனால்தான் முழுப் பரவல். உங்களுடையது முதல் வகை. ஸ்டேஜ் போடும்போது இதை 'முடிச்சில் பரவல் இல்லை' என்ற கணக்கில்தான் சேர்ப்பார்கள். ரிப்போர்ட்டில் 'என் பூஜ்யம்' (N0) பக்கத்தில் 'ஐ பிளஸ்' (i+) என்று இருக்கும், பாருங்கள். அந்த பிளஸ்ஸைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நீங்கள் கேட்டதையே பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். பி-32 என்ற ஆய்வில், முதல் ரிப்போர்ட்டில் முடிச்சு சுத்தம் என்று வந்த சுமார் 3,900 பெண்களின் மெழுகுக் கட்டிகளை மறுபடி சீவிப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினாறு பேரிடம் ஒளிந்திருந்த செல்கள் கிடைத்தன. அந்த முடிவை வைத்து யாருடைய சிகிச்சையையும் தீர்மானிக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், செல் இருந்தவர்களில் 94.6 சதவீதம், இல்லாதவர்களில் 95.8 சதவீதம். 2011-இல் வெளியான முடிவு இது. வித்தியாசம் உண்மையானது, ஆனால் மிகச் சிறியது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில், சாயம் ஏற்றிக் கண்டுபிடித்த செல்களால் ஆயுளில் வித்தியாசமே தெரியவில்லை. எல்லோருக்கும் இந்தச் சாயப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று இப்போது வழிகாட்டு நெறிகள் கேட்காததற்கு இதுவும் காரணம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஹார்மோன் மாத்திரை எதற்கு?" என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து எடுத்துக்கொண்டவர்கள். 2009-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், இப்படிச் சிறு பரவல் இருந்தும் மருந்து எடுக்காதவர்களில், ஐந்து ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் விகிதம், பரவலே இல்லாதவர்களைவிடக் கிட்டத்தட்ட பத்து சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மருந்து எடுத்தவர்களின் நிலை தெளிவாகவே மேம்பட்டிருந்தது. என்னைக் கேட்டால், உங்கள் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான்.

மறுபடி ஆபரேஷனா? வேண்டாம். 2 மி.மீ. வரை நுண்பரவல் இருந்தவர்களிடமே, அக்குளில் உள்ள முடிச்சுகளை எல்லாம் எடுத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. கை வீக்கமும் மரத்துப்போவதும்தான் மிச்சமாகும்.

கீமோ தேவையா என்பதையும் இந்த 0.1 மி.மீ. முடிவு செய்யாது. கட்டியின் கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற கணக்கு), வளரும் வேகம், தேவைப்பட்டால் கட்டியில் செய்யும் மரபணுப் பரிசோதனை ஆகியவற்றை வைத்துத்தான் டாக்டர் சொல்வார். அவரிடம் அதைக் கேளுங்கள். (இதைப் படிக்கும் வேறு யாராவது ஆபரேஷனுக்கு முன்பே கீமோ எடுத்திருந்தால், இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. கீமோவுக்குப் பிறகும் எஞ்சி நிற்கும் சில செல்களுக்குக் கனம் அதிகம்.)

எத்தனை நாள் என்று தனியொருவருக்கு யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நம்பிக்கையோடு இருக்க நிறையவே காரணம் இருக்கிறது. ரேடியேஷனை முடியுங்கள். ஹார்மோன் மாத்திரையை (கட்டியை வளர்க்கும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை) குறைந்தது ஐந்து ஆண்டுகள் விடாமல் போட வேண்டியிருக்கும். மூட்டுவலியோ உடம்புச் சூடோ படுத்தினால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்ற வழி இருக்கிறது.