வாயு வைக்கும் கண்ணுக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. வலது கண்ணில் புரை. விழித்திரை நடுவில், மாக்குலாவில், ஓட்டையும் இருக்கிறதாம். இரண்டையும் ஒரே ஆபரேஷனில் முடித்து, ஓட்டை மூட உள்ளே வாயு வைப்பார்களாம். லென்ஸ் பட்டியலில் மல்டிஃபோகல்தான் விலை அதிகம். அதையே வைத்துவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். மல்டிஃபோகல் லென்ஸ், வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடும். நல்ல மாக்குலா அதைச் சமாளிக்கும். ஓட்டை விழுந்து மூடிய மாக்குலாவுக்கு எல்லாமே மங்கலாகத் தெரியும். ஒரே தூரத்துக்கு மட்டும் பார்வை தரும் மோனோஃபோகல் போதும். படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

விலையை விட, லென்ஸ் எதனால் ஆனது என்று கேளுங்கள். ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக் (நீரை ஒட்டவிடாத பிளாஸ்டிக்) என்று பதில் வர வேண்டும். பேரில் ஓரிரண்டு எழுத்தே வித்தியாசப்படும், நீரை உறிஞ்சும் ஹைட்ரோஃபிலிக் வகை, வாயு தங்கிய கண்ணில் சிலருக்குக் கால்சியம் படிந்து வெள்ளை பூத்துவிடும். அதற்கு லேசர் உதவாது. லென்ஸையே எடுத்து மாற்ற வேண்டியதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரும் லென்ஸ் ஸ்டிக்கரைப் பத்திரப்படுத்துங்கள்.

வாயு லென்ஸைச் சற்று முன்னே தள்ளுவதால், கணக்கிட்டதை விட மைனஸ் பவர் அரை டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) வரை கூடலாம். அளவெடுக்கும்போதே இதைக் கழித்துக்கொள்கிறார்களா என்று கேட்கலாம். சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸும் வாயு உள்ள கண்ணில் திரும்பிவிட வாய்ப்புண்டு.

இன்னொன்று: எஸ்எஃப்6 வாயு கரைய சுமார் இரண்டு வாரம், சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம் வரை. அதுவரை விமானம் கூடாது, கொடைக்கானலும்தான். உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறும்.

கேள்வி: விழித்திரை விலகி, அப்பா கண்ணில் சிலிக்கோன் எண்ணெய் வைத்திருக்கிறார்கள். எண்ணெயை எடுக்கும்போதே புரையையும் எடுத்து லென்ஸ் வைப்பார்களாம். பவர் சரியாக வருமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: அளவெடுக்கும் முறையைப் பொறுத்தது. கண்ணுக்குள் இயல்பாக இருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லில் ஒலி வினாடிக்கு 1532 மீட்டர் போகும். எண்ணெயில் ஏறக்குறைய 980தான். ஒலியால் கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் மெஷினில் இந்த வேகத்தை மாற்றாமல் எடுத்தால், 23 மி.மீ. நீளக் கண்ணை 30-க்கு மேல் காட்டும். அந்தக் கணக்கில் லென்ஸ் வைத்தால் பெரிய பிளஸ் கண்ணாடிதான் மிஞ்சும். ஒளியால் அளக்கும் பயோமெட்ரியே நல்லது. அதிலும் 'எண்ணெய் உள்ள கண்' என்ற தேர்வு உண்டு. புரை முற்றி ஒளி போகவில்லையென்றால், எண்ணெய் வைப்பதற்கு முன் எடுத்த அளவையோ, மற்ற கண்ணின் அளவையோ ஒப்பிடுவார்கள். பழைய ஃபைலை எடுத்துப் போங்கள். லென்ஸ் மட்டும் சிலிக்கோனில் வேண்டாம்; எண்ணெய் அதில் ஒட்டினால் போகாது.