எர்த் ஒயரும் பெர்னார்ட் காட்ஸும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நரம்பணுக்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி நான். எங்கள் துறையில் யாருடைய பெயரைச் சொன்னாலும் முதல் கேள்வி, அவருடைய எச்-இன்டெக்ஸ் (கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண்) எவ்வளவு என்பதுதான். நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் விதத்தை ஆராய்ந்த பெர்னார்ட் காட்ஸைச் சென்ற வாரம் பேச்சுவாக்கில் குறிப்பிட்டேன். “அவரையெல்லாம் இப்போது யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?” என்று சக மாணவர் ஒருவர் சிரித்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஓர் ஆய்வாளரின் பாதிப்பை வேறு எப்படித்தான் அளப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

ஓம் விதியைப் பயன்படுத்துகிறவர் எவரும் ஓமின் கட்டுரையை அடிக்குறிப்பில் போடுவதில்லை. உங்கள் நண்பருக்கு இது போதும். ஆனால் நீங்கள் கேட்டது காட்ஸைப் பற்றி என்பதால் விட மனமில்லை.

1911இல் லைப்சிக்கில், ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்தபோது ஹிட்லர் ஆட்சி. 1935இல் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் லண்டனுக்கு வந்து உடலியங்கியல் அறிஞர் ஏ. வி. ஹில்லிடம் சேர்ந்தார். போர்க்காலத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையில் ரேடார் அதிகாரி. போர் முடிந்ததும் மீண்டும் லண்டன்.

அங்கே அவரும் பால் ஃபாட்டும் தவளையின் கால் தசையில், நரம்பு வந்து முடியும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத நுனி கொண்ட கண்ணாடி ஊசியைச் செருகிப் பார்த்தார்கள். நரம்பைத் தூண்டவில்லை. திரையில் நேர்கோடுதான் ஓட வேண்டும். ஆனால் ஒழுங்கில்லாமல், சுமார் அரை மில்லிவோல்ட் உயரத்தில், சின்னச் சின்ன மேடுகள் எழுந்து அடங்கின. நானாக இருந்தால் எர்த் ஒயரை மாற்றியிருப்பேன். அவர்கள் ஊசியை நரம்பு முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினார்கள். மேடுகள் காணாமல் போயின. தென்னமெரிக்க அம்பு நஞ்சான குராரேயை விட்டார்கள், மேடுகள் சிறுத்தன. அப்படியானால் இது கருவியின் கோளாறு அல்ல, தசைக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை நரம்பு சும்மா இருக்கும்போதும் சிந்துகிறது. 1950இல் இதைப் பற்றி வந்த முதல் குறிப்பின் தலைப்பிலேயே ‘உயிரியல் இரைச்சல்’ என்ற சொல் இருக்கிறது.

1954இல் ஹோசே டெல் காஸ்டியோவுடன் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினால் நரம்பின் சமிக்ஞை நலிந்துவிடும். அந்த நலிந்த நிலையில் தூண்டிப் பார்த்தார்கள். சில முறை பதிலே இல்லை. வந்தபோது, ஒரு மேட்டின் அளவு, அல்லது இரண்டின் அளவு, அல்லது மூன்றின் அளவு. மளிகைக் கடையில் கட்டி வைத்த பொட்டலம் மாதிரி. பிரித்து அரைப் பொட்டலம் தருவதில்லை. ‘குவாண்டம்’ என்பதற்கு நான் பொட்டலம் என்றே எழுதுவேன், கலைச்சொல் அகராதிக்காரர்கள் மன்னிக்கட்டும். எத்தனை முறை வெறுங்கை விரிக்கும் என்பதைக்கூடப் பாய்சான் என்ற நிகழ்தகவுக் கணக்கு சரியாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். அந்தக் காலகட்டத்திலேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நரம்பு முனைக்குள் குட்டிக் குட்டிப் பைகள் தெரிந்தன. ஒரு பை, ஒரு பொட்டலம்.

1970இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை விடுங்கள். தசை சோர்ந்துபோகும் இரண்டு நோய்களை எடுத்துக்கொள்வோம். மயஸ்தீனியாவில் மேடு சிறுத்திருக்கிறது: வந்து சேரும் பொட்டலத்தை வாங்கத் தசையின் பக்கம் இருக்கும் ஏற்பிகள் போதவில்லை. லாம்பர்ட்-ஈட்டனில் மேடு வழக்கமான அளவில்தான் இருக்கிறது, ஒரு தூண்டலுக்கு வெளிவரும் பொட்டலங்களின் எண்ணிக்கைதான் குறைவு. நோயாளி இரண்டிலும் ஒரே மாதிரிதான் சொல்வார், கையைத் தூக்க முடியவில்லை என்று. குறை எந்தப் பக்கம் என்று பிரித்துக் கேட்கும் வழியே காட்ஸ் போட்டதுதான்.

1970களின் தொடக்கத்தில் ரிகார்டோ மிலேடியுடன் சேர்ந்து மறுபடியும் இரைச்சலுக்குள்ளேயே போனார். அசிட்டைல்கோலின் பட்ட தசையின் மின்னழுத்தம் லேசாக நடுங்குவதைக் கணக்கிட்டு, தசைச் செல்லின் சவ்வில் மின்னேற்றத் துகள்கள் புகுந்து போகும் ஒற்றை அயனித் துளை திறந்தால் எவ்வளவு மாற்றம் வரும் என்று மதிப்பிட்டார்கள். அப்போது அந்த ஆய்வகத்தில் இருந்த இளைஞர்களில் ஒருவர் பெர்ட் சாக்மான். அவரும் எர்வின் நேயரும் 1976இல் அந்த ஒற்றைத் துளையின் மின்னோட்டத்தை நேரடியாகவே பதிவு செய்து காட்டினார்கள். 1991இல் அவர்களுக்கும் நோபல்.

உங்கள் நண்பருடைய ஆய்வகத்திலும், தூண்டாமலே எழும் சின்ன மின் மேடுகளான ‘மினி’களை எண்ணுவார்கள் என்று நினைக்கிறேன். தவளைத் தசையில் பார்த்த அதே மேட்டின் உறவுக்காரர்தான், மூளைச் செல்லில். அதை எண்ணி எழுதும்போது யாருடைய கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.