பேஸ்மென்ட்டில் புதிதாகக் குளியலறை கட்டுகிறோம். கழிவுநீருக்கு ஒரு பம்ப் வைத்தால் போதும்தானே?

டைல்ஸ் வரை தேர்ந்தெடுத்துவிட்டோம், கழிவுநீரைப் பிளம்பர் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். எட்டே மாதத்தில் புதுத் தரையை உடைத்தோம்.

நான் பொறியாளர் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் தப்பிருந்தால் திருத்துங்கள். ஆனால் "பிளம்பரை நம்பாவிட்டால் எப்படி" என்று மட்டும் யாரும் வர வேண்டாம். நம்பித்தான் கெட்டோம்.

முதலில் மட்டம் பாருங்கள். வீட்டுக் கழிவு மொத்தமும் வெளியேறும் பெரிய குழாய், பேஸ்மென்ட் தரையிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது? தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் இருந்தால் அரை மணி நேர வேலை. கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்பது பொதுவான கணக்கு. 20 அடி ஓடினால் 5 அங்குலம் இறங்கும். இறங்கிய பிறகும் பெரிய குழாய்க்கு மேலேயே நின்றால் பம்பே வேண்டாம், தானாக ஓடிவிடும். அப்போதும் தெருக் குழாய் அடைத்தால் கழிவு எதிர்த்து வரும், உங்கள் வீட்டில் அதற்குக் கிடைக்கும் முதல் வாசல் இந்தக் குளியலறைதான். எதிர்த்து வருவதைத் தடுக்கும் வால்வு ஒன்று போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் குழாய் பேஸ்மென்ட் சுவரில் நெஞ்சு உயரத்தில் போகிறது. அதனால் பம்ப் கட்டாயம். அங்கே ஏற்கெனவே ஒரு குழி இருந்தது. சுவரோரம் ஊறும் மழைநீரைச் சேர்த்து வெளியே இறைக்க ஒரு பம்ப். காண்டிராக்டர் புதுக் கழிப்பறையையும் அதே குழியில் சேர்த்துவிட்டார். தெளிந்த நீரை இறைக்கும் பம்புக்கு மலக்கழிவு தாங்காது. மூடியும் வெறும் பலகைதான். மூன்றாம் நாளே நாற்றம். அப்புறம் ஒருநாள் இரவு நல்ல மழை, மின்சாரம் போய்விட்டது. பம்ப் நின்றது, குழி நிரம்பியது, கழிவு அறைக்குள் வந்துவிட்டது.

மாடிப்படி ஏற முடியாத அம்மாவுக்காகக் கட்டிய அறை அது. கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, "என்னாலதானே உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வாளியோடு நின்றேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை நடந்தபோது இரண்டு குழாயும் ஒரே குழியில் ஏன் சேர்கிறது என்று நான் கேட்டேன். காண்டிராக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொன்னார். "சார், மேடத்துக்குச் சொல்லுங்க, இதெல்லாம் நாங்க பார்த்துப்போம்." கடன் என் பெயரில், கேள்வி என்னுடையது, பதில் அவருக்கு! அன்றே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது முறை சரியாகச் செய்தோம். கழிவுக்குத் தனித் தொட்டி. ரப்பர் வளையம் வைத்து போல்ட் போட்ட மூடி. மூடியில் இரண்டு குழாய்கள், ஒன்று கழிவு மேலேறிப் போக, இன்னொன்று மொட்டை மாடி வரை போகும் காற்றுக்குழாய். காற்றுக்குழாயைச் செலவென்று தவிர்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தொட்டி நிரம்பும்போது காற்று வெளியேறவும் பம்ப் இறைக்கும்போது உள்ளே வரவும் வழி வேண்டும். இல்லாவிட்டால் தரை வடிகாலுக்குக் கீழே நாற்றத்தைத் தடுக்க வளைவில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, சாக்கடை வாயு அறைக்குள் வரும்.

பம்ப் 2 அங்குலக் கட்டியைத் தள்ளக்கூடியதாகவும் வெளியேற்றும் குழாய் குறைந்தது 2 அங்குலமாகவும் இருக்கட்டும். எத்தனை எச்.பி. என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும், வழியில் எத்தனை வளைவு என்று சொல்லிக் கேளுங்கள். பம்புக்கு மேலே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும், இல்லையென்றால் ஏறிய கழிவு திரும்ப விழும், அதையே பம்ப் மறுபடி மறுபடி ஏற்றும். அதற்கும் மேலே மூடித் திறக்கும் வால்வு. பழுது பார்க்கக் கழற்றும்போது குழாயில் நிற்பதெல்லாம் தலையில் கொட்டாமல் அதுதான் காக்கும்.

ஊற்றுநீர் உள்ள இடத்தில் வெறும் பிளாஸ்டிக் தொட்டி மிதந்து எழும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள வட்டத் தொட்டிக்கு ஏறக்குறைய 125 லிட்டர் கொள்ளளவு. சுற்றி நீர் ஏறினால் 125 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். புதிதாக வந்தவர் தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் சுற்றிலும் கான்கிரீட் போட்டார்.

தொட்டியில் மட்டம் அளவுக்கு மீறி ஏறினால் எச்சரிக்க ஓர் அலாரம் வேண்டும். அதற்குத் தனி மிதவை சுவிட்ச், தனி மின் இணைப்பு. பம்பின் பிரேக்கர் விழுந்தாலும் அது அடிக்கும். மின்சாரம் போகும் ஊர் என்றால் மாற்று மின்சாரமும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

அரைத்துத் தள்ளும் சிறிய பம்ப் வைத்துத் தரையை உடைக்காமலே முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஈரத் துடைப்புத் தாள் (வெட் வைப்ஸ்) போன்ற எதையும் உள்ளே போடாத வீட்டில் அது ஓடும். வயதானவர் தினமும் புழங்கும் அறைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தரையை மூடும் முன் ஒவ்வொரு குழாய் மேலும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையில் எங்களிடம் ஒரு படம்கூட இல்லை, குழாய் எங்கே போகிறது என்று தேடியே பாதித் தரை போய்விட்டது.