ஸோக்சென்: எந்த மொழியாக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனதின் இயல்பை நேரடியாக அறிய முனையும், திபெத்திய பௌத்தத்தின் ஸோக்சென் மரபை அறியும் ஆவலில், அம்மரபின் பேராசான் லோங்சென்பாவின் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் வாங்கினேன். சில பக்கங்களுக்கு மேல் செல்ல இயலவில்லை. தொடக்கநிலை வாசகர் எந்த மொழியாக்கத்தைத் தேர்வது?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் தடுமாறியதில் வியப்பில்லை. லோங்சென்பாவின் (1308–1364) உச்சநிலை நூல்கள் ஆசிரியரிடம் உபதேசம் பெற்ற மாணவர்களை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவை சொல்லும்போது அம்மாணவர்களுக்கு அது ஒரு பயிற்சிக் குறிப்பு. வெளியிலிருந்து வாசிப்பவருக்கோ வெறும் கவிதை, சிலருக்குச் சோம்பலுக்கான அனுமதியும்கூட.

ஆகவே அம்மரபின் பிற்கால ஆசிரியரான பத்ருல் ரின்போச்சேயிலிருந்து (1808–1887) தொடங்குங்கள். அவருடைய ‘குன்சாங் லாமாய் ஷெலுங்’ நூலை பத்மாகர மொழிபெயர்ப்புக் குழு ‘தி வேர்ட்ஸ் ஆஃப் மை பர்ஃபெக்ட் டீச்சர்’ என்ற பெயரில் 1994-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஸோக்சென் போதனைத் தொகுதிகளுள் ஒன்றான லோங்சென் நிங்திக் மரபின் முன்பயிற்சிகளை விளக்கும் இந்நூலில், தன் ஆசிரியர் வாய்மொழியாகக் கற்பித்ததை, கதைகளும் கடிந்துரைகளும் குன்றாமல், பத்ருல் எழுதிவைத்தார். நிலையாமையையும் வினைப்பயனையும் பற்றியே இத்தனை பக்கங்களா என்று உங்களுக்கு ஏமாற்றம் எழலாம். ஆனால் அம்மரபினர் தம் மாணவர்களுக்கு முதலில் கற்பிப்பது இதைத்தான். அதைத் தாண்டிச் செல்ல நமக்கு மட்டும் தனி உரிமை ஏதுமில்லை.

அதன்பின், ஸோக்சென்னின் முதல் மனித ஆசிரியராக மரபு கருதும் காரப் தோர்ஜேயின் மூன்று வாக்கியங்களுக்கு பத்ருல் எழுதிய சிறு பாடலையும் உரையையும் வாசிக்கலாம். லோட்சாவா ஹவுஸ் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. தலாய் லாமா 1980-களில் ஆற்றிய ஸோக்சென் உரைகளின் தொகுப்பை (2000) அதனுடன் சேர்த்து வாசித்தால், பாடலின் சுருக்கம் மெல்ல விரியும்.

ஒரு நூலை மட்டும் தள்ளிவைக்கச் சொல்வேன். அமெரிக்க ஆய்வாளர் எவன்ஸ்-வென்ட்ஸ் பதிப்பித்து, உளவியலாளர் யுங்கின் முன்னுரையுடன் 1954-இல் வந்த ‘தி டிபெட்டன் புக் ஆஃப் தி கிரேட் லிபரேஷன்’ அது. திபெத்திய மொழி அறியாத எவன்ஸ்-வென்ட்ஸ், பிறர் செய்துதந்த மொழியாக்கத்துக்குத் தியோசபி எனும் பிரம்மஞான சபைக் கொள்கையும் வேதாந்தமும் கலந்த விளக்கத்தை அளித்தார். 1935-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைச் சந்தித்தவர் அவர். அத்வைதம் பழகிய தமிழ் வாசகருக்கு அந்நூல் எளிதில் புரிந்துவிடும் என்பதே என் தயக்கத்துக்குக் காரணம். புதிய ஒன்றைக் கற்கிறோம் என்று நம்பியபடி, முன்பே அறிந்ததையே அதில் மீண்டும் வாசித்துக்கொண்டிருப்போம். அதே மூலத்தை ஜான் ரெனால்ட்ஸ் 1989-இல் புதிதாக மொழிபெயர்த்து, முந்தைய பதிப்பின் பிழைகளையும் விரிவாக விவாதித்திருக்கிறார். அதை வாசியுங்கள்.

கர்நாடகத்தின் பைலகுப்பேயில் உள்ள நம்ட்ரோலிங் மடாலயம், ஸோக்சென்னைப் போற்றிவரும் திபெத்திய பௌத்தப் பிரிவான நிங்மா மரபைச் சேர்ந்தது. பத்ருலை ஒருமுறை முழுமையாக வாசித்தபின், எழுந்த கேள்விகளைக் குறித்துக்கொண்டு அங்கே சென்று கேளுங்கள்.