காலிங் பெல் வயரில் கேமராவை மாட்டலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் கொழுந்தனார் போன மாதம் வந்தபோது, வயர் இணைப்பில் இயங்கும் வீடியோ டோர்பெல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். "உங்கள் வீட்டு சைமோடு இணைத்தால் போதும் அண்ணி" என்றார். எங்கள் வீட்டில் சைம் என்று ஒன்றும் இல்லை. ஹாலில் ஒரு 'டிங் டாங்' பெல், வாசலில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். தெருமுனை எலெக்ட்ரீஷியன், பொத்தானைக் கழற்றிவிட்டு அதே இரண்டு வயரில் இதை மாட்டிவிடலாம், பத்து நிமிட வேலை என்கிறார். செய்யலாமா? மாமனாருக்குக் காது மந்தம்; ஸ்மார்ட்போன் பழக்கமும் கிடையாது.
- வாசகி, ராயபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. பத்து நிமிட வேலை என்று அவர் சொன்னது சரிதான். பதினோராவது நிமிடம் கருகல் வாசனை வரும்.

நம் ஊர் காலிங் பெல் நேராக 230 வோல்ட்டில் ஓடுகிறது. வாசலில் விரல் வைக்கிறோமே, அந்தப் பொத்தானுக்குப் பின்னால் மின்விசிறிக்கும் மிக்சிக்கும் வருகிற அதே மின்சாரம்தான் நிற்கிறது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரமே 120 வோல்ட். அதையும் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 16 வோல்ட் அளவுக்கு இறக்கித்தான் பெல்லுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் கருவி அந்தச் சிறிய மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலான மாடல்களில் 16 முதல் 24 வோல்ட், ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) என்று பொடி எழுத்தில் இருக்கும். அதில் 230-ஐ விட்டால் கருவி போவது மட்டுமல்ல, மழை நாளில் அதைத் தொடுகிறவர் கதியையும் யோசிக்க வேண்டும்.

இனி சைம். அது வெறும் மணிப்பெட்டிதான். டிரான்ஸ்ஃபார்மர், மணிப்பெட்டி, வாசல் பொத்தான் மூன்றும் ஒரே வளையத்தில் இருக்கும். வீடியோ டோர்பெல் பொத்தானின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மணிப்பெட்டியின் காயில் (கம்பிச்சுருள்) வழியாகத் தன் பிழைப்புக்கு வேண்டிய கொஞ்ச மின்சாரத்தை ஓசைப்படாமல் இழுத்துக்கொள்கிறது. யாராவது அழுத்தினால் இரு முனைகளையும் ஒன்று சேர்த்துவிடும். முழு மின்சாரமும் காயிலில் பாய, மணி அடிக்கும். மணிப்பெட்டியே இல்லை என்றால்? அழுத்தும்போது டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனையும் நேருக்கு நேர் சேர்ந்து ஷார்ட் ஆகும். "சைம் இல்லாத வீடு" என்ற பேச்சு எழுவதே இதனால்தான்.

எல்லா மாடலும் இதை ஒரே மாதிரி சமாளிப்பதில்லை. சிலவற்றில் செயலியில் 'மணி இல்லை' என்று தேர்ந்தெடுத்தால் போதும். சிலவற்றுக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வேண்டும். பெரும்பாலும் 25 ஓம், 50 வாட் கேட்பார்கள். அவ்வளவு பெரிய வாட் எதற்கு என்று கடைக்காரர் சிரிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 18 வோல்ட்டில், அழுத்தியிருக்கும் நேரத்தில் அது ஏறக்குறைய 13 வாட் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கால் வாட் ரெசிஸ்டரை வைத்தால் புகைந்துவிடும். அலுமினிய உடல் கொண்டதை வாங்கி, பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ ஒட்டாமல் வைக்க வேண்டும். உங்கள் மாடல் எந்த வகை என்று கையேட்டில் பார்க்காமல் ரெசிஸ்டரை வாங்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். பெட்டிக்குள் குட்டையாக ஒரு இணைப்பு வயர் இருந்தால், அது பழைய சைமைத் தாண்டிப் போவதற்கானது. உங்கள் வீட்டில் அதற்கு வேலை இல்லை.

ஆக, உங்களுக்கு முதல் தேவை ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இதில் ஒரு கண்ணி உண்டு. "அடாப்டரையும் அனுப்பிவிடுகிறேன்" என்று கொழுந்தனார் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அங்கே கிடைக்கும் 16, 18 வோல்ட் ஏ.சி. அடாப்டர்கள் பல, 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. நம் பிளக்கில் செருகினால் கருவிக்கு முன் அது போய்ச் சேரும். உள்ளீடு 230 வோல்ட் அல்லது 100-240 என்று தெளிவாக இருக்க வேண்டும். வெளியீட்டில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ~ என்ற அலைக்கோடு, அதாவது ஏ.சி. குறி, இருக்க வேண்டும். பழைய மோடத்தின் அடாப்டர் சும்மா கிடக்கிறதே என்று மாட்டாதீர்கள். அது டி.சி. (நேர்திசை மின்சாரம்); கையேடு அனுமதித்தால் தவிர ஆகாது.

மின்பெட்டிக்குள் எம்.சி.பி.க்கு (கோளாறு என்றால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) பக்கத்தில் பொருந்தும் பெல் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால் அதைப்போல் சுத்தமான வேலை வேறில்லை. வோல்ட் சரியாக இருந்தாலும் வி.ஏ. அளவை (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது) கையேட்டோடு ஒப்பிடுங்கள், 8 வி.ஏ. உள்ள சிறியதை வாங்கிவிட்டு, இரவில் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது கிடைக்காவிட்டால் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிட்சி தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அங்கே '12-0-12' என்று, மூன்று வெளியீட்டு முனை உள்ளதை எடுத்து நீட்டுவார்கள். இரு ஓர முனைகளையும் எடுத்தால் 24 வோல்ட் ஆயிற்றே, கருவியும் 24 தாங்குமே என்று தோன்றும். ஆனால் பளு குறைவாக இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகத்தான் தரும். பின்னிரவில் லைனிலும் வோல்ட் ஏறும். '9-0-9' கேளுங்கள். ஓர முனைகளில் 18 வோல்ட் வரும்; 16-க்கும் 24-க்கும் நடுவில் என்பதால் இரு பக்கமும் இடம் இருக்கும். ஒரு ஆம்பியர் என்றால் 18 வி.ஏ., இரண்டு என்றால் 36. நடு முனையை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். இவை திறந்த உடல் கொண்டவை. மூடிய பெட்டியும், 230 வோல்ட் நுழைகிற பக்கத்தில் ஒரு ஃபியூஸும் கட்டாயம். இதை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும், ஆனால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பழைய பெல் வயரைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் பெரம்பூரில் என் வீட்டிலேயே கிடைத்தது. பெல் ஹாலில்தானே இருக்கிறது என்று ஹால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வாசல் பொத்தானைக் கழற்றினோம். உள்ளே கரப்பான் முட்டை ஓடு, பச்சை பூத்த செம்பு. சும்மா டெஸ்டரை வைத்தார் எலெக்ட்ரீஷியன்; விளக்கு சிவப்பாக எரிந்தது. என்றோ யாரோ, வயர் மிச்சம் பிடிப்பதற்காக, பொத்தானுக்கான ஃபேஸை (மின்சாரம் வரும் வயரை) வாசல் விளக்கிலிருந்து இழுத்திருக்கிறார். அது வேறு எம்.சி.பி. உங்கள் பகுதியில் முப்பது நாற்பது ஆண்டு வீடுகளில் எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்பது கட்டியவருக்கே மறந்திருக்கும். 23/76 என்று கடையில் சொல்லும் அளவில் இரட்டை வயர் ஒன்றைப் புதிதாக, தனிக் குழாயில் இழுத்துவிடுங்கள். 230 வயர் போகும் குழாயில் சேர்க்கக் கூடாது. பதினைந்து மீட்டர் வரை வோல்ட் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை அந்த லைனில் கொடுங்கள். வயர் டோர்பெல்லில் பலவற்றுக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் கேமராவும் போயிற்று, ரூட்டரும் போயிற்று.

கடைசியாக, உங்கள் மாமனார். சைம் இல்லாத வீட்டில் வீடியோ டோர்பெல் அடிப்பது உங்கள் செல்பேசியில் மட்டும்தான். நீங்கள் கடைக்குப் போயிருந்தால் வாசலில் நிற்பவரை நீங்கள் அங்கிருந்து பார்ப்பீர்கள். உள்ளே இருக்கும் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் 'டிங் டாங்'கும் பழைய பொத்தானும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கேமராவைப் பக்கத்தில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் வையுங்கள். பால்காரரும் சிலிண்டர் போடுபவரும் கைப்பழக்கத்தில் பழையதைத்தான் அழுத்துவார்கள். ஆள் அசைவைக் கண்டு கேமரா தானாகப் பதிந்துகொள்ளும். புதிய ஆட்கள் மின்னுகிற பொத்தானைத் தேடி அழுத்துவார்கள். அதற்கு அதே நிறுவனத்தின் பிளக்கில் செருகும் வயர்லெஸ் மணியை மாமனார் அறையில் மாட்டலாம். வேறு நிறுவனத்துடையது பெரும்பாலும் சேராது. அதுவும் 230 தாங்குமா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீடியோ டோர்பெல்லை இங்கேயே ஆன்லைனில் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் "இப்போதுள்ள பெல் வயரிலேயே பொருத்தலாம்" என்று இருந்தது. அப்படியே பொருத்தினோம், எரிந்துவிட்டது. தவறாக மாட்டியது உங்கள் குற்றம், பணம் தர முடியாது என்கிறார் விற்றவர்.
- வாசகர், கொளத்தூர்

பதில்: அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு. விற்றவர் அதை மாற்றுவதற்குள் படம் பிடித்து வையுங்கள், தேதி தெரியும்படி. இந்தியாவில் பெல் வயர் என்றால் 230 வோல்ட் என்பது விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் 16-24 வோல்ட் என்று இருந்தால் அவர் அதைக் காட்டுவார். உங்கள் பக்கம் சற்று இளகும், ஆனால் விழாது. வாங்குவதற்கு முன் நீங்கள் படித்தது விற்பனைப் பக்கத்தை; கையேட்டை அல்ல.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் இங்கேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. எரிந்த கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ராயபுரம் வாசகிக்கும் இதில் ஒரு செய்தி: உங்களுடையது அங்கே வாங்கிய அன்பளிப்பு. இங்கே பில் இல்லை, விற்றவர் இல்லை. எரிந்தால் எரிந்ததுதான்.

கேள்வி: மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். எதிர் வீட்டு வாசல் என் டோர்பெல் கேமராவில் தெரிகிறது என்று அந்த வீட்டம்மா சண்டைக்கு வருகிறார்.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நான்கடி அகல நடையில் எதிரெதிர் கதவு என்றால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. யார் வருகிறார்கள் போகிறார்கள் என்பதோடு, பேச்சும் அதில் பதிவாகிறது. ஆப்பு வடிவச் சட்டம் ஒன்றைப் பின்னால் வைத்துக் கேமராவைப் படிக்கட்டுப் பக்கம் சாய்த்து மாட்டுங்கள். செயலியில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருந்தால் அவர் கதவை மறைத்து, ஒலிப்பதிவையும் நிறுத்திவிட்டு, அந்தத் திரையை அவரிடமே காட்டுங்கள். சுவரில் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அட்வான்ஸில் பிடிப்பார்.

கேள்வி: வயரா, பேட்டரியா? வீடு கடற்கரைச் சாலையை ஒட்டி.
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: புது வயர் இழுக்க வழி இருந்தால் வயர். இல்லையென்றால் பேட்டரி, குறை ஒன்றுமில்லை. அடிக்கடி ஆள் நடமாடும் தெருவில் சார்ஜ் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். எதுவானாலும் உப்புக் காற்றுக்கு வயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றினால் ஓராண்டு தாங்காது. ஜெல் நிரப்பிய கனெக்டர் போடச் சொல்லுங்கள், திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.